மங்கல் பக்கம் கீழே

முருகவேல் பைக்கை ஸ்டாண்டு போட்டு, செருப்பைக் கழற்றி, தலையைக் குனிந்து நிலைப்படி தாண்டுவதற்குள் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உள்ளே வந்துவிட்டான் என்றால் அப்புறம் நமக்கும் பேச வாய் வராது, கஸ்தூரிக்கும் வராது.

முருகவேல் கஸ்தூரியின் கூடப்பிறந்த அண்ணன். போளூர்ப் பக்கத்தில் நிலம் நீச்சு என்று இருப்பவன். இவர்களுக்குக் கடைசியாகப் பிறந்த அருணாதேவி, ஆடி மாசம் சுப்பிரமணியோடு போய்விட்டாள். சுப்பிரமணி நல்ல பையன்தான், ஆனால் இவர்கள் ஆள் இல்லை. ரெண்டு பேரும் பெங்களூர் பஸ் ஏறினதாக ஊரெல்லாம் பேச்சு. முருகவேல் பெங்களூரைச் சலித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி, "அவ செத்துட்டா" என்று சொல்லி, கருமாதி பண்ணி, ஊரைக் கூட்டிச் சோறும் போட்டுவிட்டான். செத்தவளைத் தேடுவதை மட்டும் அவன் விடவில்லை.

செத்தவள் பெங்களூருக்குப் போகவே இல்லை. இதே திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி ஒரு சந்துக்குள் வாடகை அறையில் குடித்தனம் செய்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சுப்பிரமணிக்குச் சமையல் வேலை.

கஸ்தூரிக்கு இது தெரிந்ததே ஒரு படத்தால்தான். அவள் புருஷன் இளவரசன் தேரடிப் பக்கம் வீட்டோடு சேர்த்து ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து அவன் பாடு. பௌர்ணமிக் கிரிவலம் வந்தால் கேமரா கஸ்தூரி கைக்கு வந்துவிடும். கழுத்தில் மாட்டி, முந்தானையை மேலே போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடப்பாள். யாரையும் கேட்க மாட்டாள். கேமராவைக் கண்ணில் வைத்துக்கூடப் பார்க்க மாட்டாள். நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஒரு அமுக்கு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற முகம் இருக்கிறதே, அதன்மேல் அவளுக்குப் பைத்தியம்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று சாயங்கால வெயிலில் அப்படி எடுத்த ஒரு படத்தைக் கழுவும்போது, நடக்கிறவர்களுக்குப் பின்னால், ரோட்டோரக் குழாயடியில், நைட்டியும் தோளில் துண்டுமாகக் குடத்தோடு நின்று யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் அருணா. கஸ்தூரி போய்த் தங்கையைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த மகராசன் என்ன செய்தான்? பெண்டாட்டியை அசத்தவேண்டும் என்று, அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் அதே நெகட்டிவை எடுத்து, தானே ஒரு பிரதி போட்டு, ஒரு வாரப் பத்திரிகையின் புகைப்படப் போட்டிக்கு அனுப்பிவிட்டான். அரைப் பக்கத்துக்கு வந்துவிட்டது. கீழே 'படம்: கஸ்தூரி இளவரசன், திருவண்ணாமலை' என்று பேரும் ஊரும்.

அந்தப் பத்திரிகையைத்தான் முருகவேல் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு இதோ உள்ளே வந்துவிட்டான்.

"வாப்பா முருகவேலு" என்றாள் கஸ்தூரியின் மாமியார் ராஜம்மாள். "ஊர்ல மழை எப்பிடி?"

"பரவால்ல அத்தை."

"இவ்ளோ தூரம் வர்ற. ஒரு பௌர்ணமிக்கு வந்து மலைய சுத்தேன்டா. போளூர்ல இருந்துக்கினு ஒருவாட்டிகூட சுத்தாதவன் நீ ஒருத்தன்தான்."

"வர்றேன் அத்தை" என்றான் அவன். சாமி விஷயத்தில் முருகவேலுக்கு அக்கறை கம்மி. ராஜம்மாளோ ஒரு பௌர்ணமி தவறவிட்டதில்லை, முழங்கால் வலியோடும் வெறுங்காலில் போய்விடுவாள்.

ஸ்டூடியோவிலிருந்து இளவரசன் வாயெல்லாம் பல்லாக வந்தான். "இன்னா மச்சான், அதுக்குள்ள புக்கு உங்க ஊருக்கு வந்துடுச்சா? உங்க தங்கச்சி பேர பாத்தீங்களா?"

"பாத்தேன் மாப்ளே. அதுக்குத்தான் வந்தேன்."

கஸ்தூரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி தரையில்தான் கொட்டியது. முருகவேல் அதைக் கவனித்தானோ இல்லையோ, பத்திரிகையை ஸ்டூலில் விரித்து, குழாயடிக்கு நேராகக் கட்டைவிரலை வைத்தான்.

"இவ யாரு?"

"யாரோ தண்ணி புடிக்கற பொண்ணு மச்சான்" என்றான் இளவரசன். "போற வர்றவங்கள நாங்க பேரு கேட்டா எடுக்கறோம்? கேட்டா மூஞ்சிய வெறப்பா வெச்சிக்குவாங்க. கேக்காம எடுக்கறதுலதான் உங்க தங்கச்சி கில்லாடி." சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தான். "ஆனா பாருங்களேன், நம்ம அருணா ஜாடை கொஞ்சம் இருக்குது இல்ல?"

மனுஷனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஊருக்கெல்லாம் பயந்து முக்காடு போட்டுக்கொண்டு திரிந்த பெண், அன்றைக்கு ஒருநாள்தான் குழாயடியில் கொஞ்சம் மறந்து நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் போய் நான் ஏன் எடுத்தேன், என் கையை உடைக்க என்று தன்னையே திட்டிக்கொண்டாள் கஸ்தூரி.

"எங்க எடுத்த?" என்றான் முருகவேல்.

"அடி அண்ணாமலை தாண்டிண்ணா. கூட்டத்துல எடம் எது தெரியுது?" என்று கஸ்தூரி மலைக்கு அந்தப் பக்கத்து இடத்தைச் சொல்லிவைத்தாள்.

"மாப்ளே, நீங்க இந்த ஊர்ல பொறந்தவரு. இது எந்த எடம்?"

இளவரசன் பத்திரிகையைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தான். "அதான் மச்சான் எனக்கும் புரியல. மலை ஒரு மாதிரியா இருக்குது. இந்தப் பக்கம் சரிவா, அந்தப் பக்கம் செங்குத்தா... நம்ம மலைதானான்னே டவுட்டா இருக்குது."

பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்தவனுக்கு மலை அடையாளம் தெரியவில்லை. கஸ்தூரி அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பத்திரிகை வந்ததிலிருந்து பயத்தில் அவள் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போதுதான் பார்த்தாள். முன்னால் நடந்து வருகிற அம்மாள், அடகுக்கடை சேட்டு வீட்டுப் பெண்கள் போல முந்தானையை வலது தோளில் போட்டிருந்தாள்.

கஸ்தூரிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

நெகட்டிவுக்கு ரெண்டு பக்கம் உண்டு. ஒன்று பளபளவென்று இருக்கும், இன்னொன்று மங்கலாக இருக்கும். பிரதி போடும்போது மங்கல் பக்கம் கீழே இருக்கவேண்டும். மாற்றி வைத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழும், இடது வலதாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து இளவரசன் இதில் தடுக்கி விழாத மாதம் கிடையாது. கடைக்குப் போகிற பிள்ளையிடம் பொட்டுக்கடலை வாங்கி வரச் சொல்வதுபோல "மங்கல் பக்கம் கீழ, மங்கல் பக்கம் கீழ" என்று சொல்லிச் சொல்லி அனுப்புவாள். இந்தப் படத்தை அவள் இல்லாதபோது போட்டிருக்கிறான். மாற்றி வைத்துவிட்டான்.

திட்டுவதற்குப் பதில் அவன் காலில் விழலாம் போல இருந்தது. ஏனென்றால் அருணாவுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. பத்திரிகையில் அது வலது புருவத்துக்குப் போயிருக்கும்.

"தழும்பு இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது" என்றான் முருகவேல். "புள்ளி புள்ளியா அடிச்சி வெச்சிருக்கானுங்க. நெகட்டிவு இங்கதான இருக்கும்? பெருசா ஒண்ணு போட்டுக் குடு. முழுசா போடு, எடமும் தெரியணும்."

"போடலாம்ணா. மொதல்ல சாப்புடு."

"சாப்பாடு வாணாம். பரசுராமனும் இன்னொருத்தனும் எதிர் டீக்கடைல நிக்கறாங்க."

கஸ்தூரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பரசுராமன் அவர்களுக்குப் பங்காளி. டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு வீட்டையே பார்த்தபடி நின்றான். அவனைக் கூட்டிக்கொண்டு யாரும் நலம் விசாரிக்க வரமாட்டார்கள்.

"இது அவ இல்லன்னா நான் பேசாம ஊருக்குப் போறேன்" என்றான் முருகவேல், குரலைத் தாழ்த்தி. "அவதான்னா... கருமாதி பண்ணியாச்சு கஸ்தூரி. பண்ணது பண்ணதா இருக்கணும். இல்லன்னா ஊர்ல நான் தலை காட்ட முடியாது."

அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. உரத்துக்குக் காசு கட்டுவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான்.

"நானே போட்டுத் தர்றேன் மச்சான்" என்று இளவரசன் எழுந்தான். விருந்தாளி பக்கத்தில் நின்றால் அவன் ரொம்பக் கவனமாகிவிடுவான். வாழ்க்கையில் முதல் தடவையாக மங்கல் பக்கத்தைக் கீழே வைத்துத் தொலைப்பான்.

"நீங்க இருங்க, நான் போடறேன்" என்று கஸ்தூரி முந்திக்கொண்டு போனாள்.

முருகவேல் பின்னாலேயே வந்தான். "நானும் பாக்கறேன்."

ஒரு காலத்தில் குளியலறையாக இருந்ததுதான் அவர்களுடைய டார்க் ரூம். ரெண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். கஸ்தூரி கதவைச் சாத்திச் சிவப்பு பல்பைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் அண்ணன் முகத்தில் கண் இருக்கிற இடம் மட்டும் இருட்டாக இருந்தது. அவன் மூச்சு அவள் காதில் விழுந்தது.

நெகட்டிவின் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்த்தாள். ஒட்டுகிற பக்கம் மங்கல் பக்கம். கைக்கு அது பழக்கமாகிப் போயிருந்தது. அவள் நினைப்பதற்கு முன்னாலேயே விரல்கள் மங்கல் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டன. எடுத்தாள். திருப்பினாள். மங்கல் பக்கம் மேலே வர வைத்தாள்.

"அது இன்னா, வாயில வெச்சுப் பாக்கற?"

"எந்தப் பக்கம்னு பாக்கறதுண்ணா."

"எந்தப் பக்கம் வெச்சா இன்னா?"

"ஒரு பக்கம் தூசி ஒட்டும்ணா. அது மேல இருந்தா படம் பூரா புள்ளி விழுந்துடும்" என்றாள். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

நம்பினானா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் விளக்கைப் போட்டு அணைத்தாள். பேப்பரை ட்ரேயில் போட்டு மருந்தில் அலசினாள். வெள்ளையாகக் கிடந்தது. முதலில் மலை வந்தது. அப்புறம் நடக்கிறவர்களின் தலைகள், துண்டுகள், கால்கள். குழாய் வந்தது. கடைசியாகத் தண்ணிக்குள்ளிருந்து எழுந்து வருகிறவள் மாதிரி அருணா வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"சிரிக்கறா" என்றான் முருகவேல். குரல் வேறு மாதிரி இருந்தது.

அந்தத் தழும்பு அவன் போட்டது. புளியம்பழம் அடிக்கக் கல்லெறிந்தான், கீழே நின்றிருந்த குழந்தை மேல் விழுந்தது. ரத்தம் ஒழுக அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடினான். தையல் போடும்போது அவள் அழவில்லை, இவன்தான் அழுதான். தங்கச்சி என்றால் அப்படி உயிரை விட்டவன் இன்றைக்குப் பரசுராமனோடு வந்து நிற்கிறான். இந்தக் கோபத்தை எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"நான் போட்ட தழும்பு, எனக்குத் தெரியாதா?" என்றான் அவன். வாட்ச் கட்டின கையைத் தூக்கித் தன் இடது புருவத்தைத் தொட்டுக்கொண்டான். "இந்தப் பக்கம். அவளுக்கு இந்தப் பக்கம்." குனிந்து, ட்ரேயில் கிடந்த முகத்துக்கு நேராக விரலை நீட்டினான். விரல் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று.

கஸ்தூரி ட்ரேயை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"இவளுக்கு அந்தப் பக்கம் இருக்குது" என்றான். "இவ வேற யாரோ."

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. நிம்மதியில் அழுதானா, தங்கையைக் காணோமே என்று அழுதானா, அவனுக்கே தெரிந்திருக்காது. கஸ்தூரிக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. அண்ணா, அவ நல்லா இருக்கா, வா கூட்டிட்டுப் போறேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீக்கடையில் நிற்கிற பரசுராமன் ஞாபகம் வர, பல்லைக் கடித்துக்கொண்டு படத்தை அழியாமல் நிறுத்தும் ஹைப்போ மருந்தில் போட்டாள்.

"இத நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான் முருகவேல், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வாய்ல சொன்னா பரசுராமன் நம்ப மாட்டான்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கழுவி, துணியில் ஒற்றி, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். அவன் ஈரம் காயாமலேயே வாங்கிக்கொண்டு கிளம்பினான். "ஒரு வாய் சாப்புடாம போறியே" என்று முனகிக்கொண்டே ராஜம்மாள், ஊருக்குக் கொடுத்தனுப்ப விபூதிப் பொட்டலமும் முருங்கைக்காயும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் வாசலுக்குப் போனாள்.

கஸ்தூரி டார்க் ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கை அணைக்க வந்த இளவரசன் என்லார்ஜரைப் பார்த்தான். நெகட்டிவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். திரும்ப உள்ளே வைத்துப் பார்த்தான்.

"பளபளப்பு கீழ இருக்குது" என்றான். "நீ இதுல தப்பு பண்ண மாட்டியே."

கஸ்தூரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் மெதுவாகக் கதவைச் சாத்தினான்.

"அருணாவா?"

தலையை ஆட்டினாள்.

"இங்கயேவா இருக்குது அந்தப் பொண்ணு?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத அனுப்பியிருப்பனா?"

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடும்னு பயந்தேன்."

அவனுக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். நெகட்டிவை உருவி உறைக்குள் போட்டுவிட்டு, "அவன்தான் போயிட்டானே. பொழுது சாயறதுக்குள்ள அதுங்க ரெண்டையும் பஸ் ஏத்திடலாம். திருப்பூர்ல எனக்குத் தெரிஞ்சவன் இருக்கான். எங்கன்னு அம்மாகிட்டகூட சொல்ல மாட்டேன், போதுமா?" என்றான்.

கஸ்தூரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் ஒருத்தியாகச் சுமந்ததைப் பாதி இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இனிமேல் யாரையும் கேட்காமல் எடுக்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்து மூடியது. ராஜம்மாள் உள்ளே வந்தாள்.

"இன்னாடி கஸ்தூரி படம் புடிச்சிருக்க?" என்றாள் வரும்போதே. "உங்கண்ணன் எனக்குக் காட்டாமயே எடுத்துக்கினு போறான். குடுடான்னு வாங்கிப் பாத்தேன். அத்தினி பேரும் மலைய இடக்கைப் பக்கம் வெச்சிக்கினு நடக்குதுங்க. மலைய வலக்கைப் பக்கம் வெச்சுத்தானடி சுத்துவாங்க? இடமா சுத்தறது சுடுகாட்டுலதான்."

கஸ்தூரி எழுந்து நின்றாள். டார்க் ரூம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா அத்தை?"

"சொல்லாம? கண்ணாடில பாக்கற மாதிரி மாறிக் கெடக்குதுடா, வலதெல்லாம் இடதா இருக்குதுன்னு சொன்னேன். அப்பிடியா அத்தைன்னான். அப்பிடியே நின்னான். வாட்ச்சு கட்டின கையால புருவத்தைத் தேச்சுக்கினான். அப்பறம் படத்தைச் சுருட்டிச் சட்டைக்குள்ள வெச்சிக்கினு, அந்தப் பசங்களையும் கூப்ட்டுக்கினு போயிட்டான். போளூருக்குப் போற வேங்கிக்கால் பக்கம் திரும்பாம செங்கம் ரோட்டுப் பக்கம் வண்டிய வுடறானேன்னு, ஊருக்குப் போகலியாடான்னு கூவிக் கேட்டேன்."

ராஜம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நீவியபடி உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"'மலைய ஒரு சுத்து சுத்திட்டுத்தான் அத்தை போவேன்'னான். எத்தினி வருஷமா சொல்றேன், இன்னிக்குத்தான் உங்கண்ணனுக்கு புத்தி வந்துருக்குது."